வெல்லம் வடிந்த பிளாபோன்

என் அக்கா இருதயமேரியின் புருஷன் பிரகாசத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு மனசு வரவில்லை. புதுச்சேரி மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், காகிதக் கட்டுகளை அடுக்கி வைப்பது அவர் உத்தியோகம். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவற மாட்டார். ஆனால் எந்த வேலையையும் அந்த வேலை தெரிந்தவனிடம் விட மாட்டார். ஒரு சாமானுக்குப் பிரெஞ்சில் பெயர் தெரிந்துவிட்டால் அந்தச் சாமானைச் செய்யவும் தெரியும் என்று நினைக்கிற ரகம். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

அக்கா கன்னியர் மடத்துத் தையல்கூடத்தில் பூவேலை கற்றவள். 1934ஆம் வருஷம் அங்கிருந்து விலகி, வீட்டிலேயே மெஷின் போட்டாள். "வீட்டு அழுக்குல வெள்ளைத் துணி தைக்க முடியாதும்மா. திரும்பி வருவ பாரு" என்று மடத்துத் தாயார் சொல்லித்தான் அனுப்பினார். திரும்பிப் போகக் கூடாது என்பதில் அக்காவுக்கு வைராக்கியம்.

அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை வேளாங்கண்ணி என்ற பெண்ணின் கல்யாண கவுன். அந்தப் பெண்ணின் அப்பா சைகோனில் பட்டாளத்தில் இருந்தார். கவுனுக்கான வெள்ளைப் பட்டுத்துணியைத் தகரப் பெட்டியில் வைத்துக் கப்பலில் அனுப்பியிருந்தார். அது கெட்டால் வேறு பட்டு வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும்.

அக்கா தைக்கும் அறைக்கு நாட்டு ஓட்டுக் கூரை. தூசி விழாமல் இருக்க அடியில் ஒரு துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அது நடுவில் தொங்கிப்போய், எலிப் புழுக்கையும் செத்த கரப்பானும் அதில் குவிந்து கிடந்தன. எலி ஓடினால் துணி குலுங்கும். மழை பெய்தால் ஒரு நாற்றம் வரும் பாருங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போக முடியும்.

"கொத்தனாரு அம்மாவாசைய கூப்பிட்டு ஏதாவது பண்ணுங்க. பட்ட எங்க விரிக்கிறது நானு?" என்று அக்கா கேட்டாள்.

"அவனுக்கு என்னா தெரியும்? நான் பிளாபோன் போடப் போறேன்" என்றார் மாமா. வெள்ளைக்காரர் வீடுகளில் கூரையை மறைத்து வழவழவென்று ஒரு தட்டு இருக்குமே, அதற்குத்தான் பிரெஞ்சில் பிளாபோன் என்று பெயர். ஒரு வியாபாரி தன் மாளிகைக்காக பிரான்சில் மர்செய் துறைமுகத்திலிருந்து வரவழைத்த பலகைகளில் சில மிஞ்சியிருந்தன. இரண்டு தடித்த காகிதத்துக்கு நடுவே சாந்தை வைத்து அழுத்திய பலகை. அவற்றை வண்டியில் ஏற்றி வந்துவிட்டார்.

முதலில் பழைய துணியை அவிழ்க்க வேண்டும். ஓரத்திலிருந்து அவிழ்க்கும் புத்தி அவருக்கு வரவில்லை. நேர் கீழே நின்று, அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு, நடுவில் கத்தியைப் போட்டார். மேலே இருந்ததெல்லாம் அவர் வாயில் விழுந்தது. கிணற்றடியில் அவர் காறிக் காறித் துப்பியதைக் கேட்டு அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

பிறகு நானும் அக்காவும் முக்காலி மேல் ஏறிப் பலகையைத் தலையால் முட்டுக் கொடுத்து நிற்க, அவர் ஆணி அடித்தார். அடித்த அடியில் ஆணியின் தலை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. பலகை தொங்கியது, தூள் எங்கள் கண்ணில் கொட்டியது. "நீங்க அசையறீங்க" என்று எங்களைத் திட்டினார். ஆணிக்குப் பக்கத்தில் ஆணியாக அடித்து ஒருவழியாகப் பலகைகளை நிறுத்தினார்.

பலகைகளுக்கு இடையே உள்ள இடுக்கைப் பூசப் பலகைகளோடு வந்த சாந்து மாவு, கடல் காற்றில் மூட்டையோடு கல்லாகிப் போயிருந்தது. சுண்ணாம்பை எடுத்தார். சுண்ணாம்புக் காரையில் கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீரும் கொஞ்சம் வெல்லத் தண்ணீரும் விடுவதை எங்கோ நின்று பார்த்திருக்கிறார்.

"வெல்லந்தான் புடிப்பு" என்று சொல்லி, ஒரு மண்டை வெல்லத்தைப் பாகாகக் காய்ச்சி அத்தனையையும் ஊற்றினார். பழைய மல் துணியைக் கீறி, அதில் தோய்த்து இடுக்கெல்லாம் ஒட்டி, மேலே வெள்ளையடித்தார்.

பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, "கொஞ்சம் மேல பாருங்க" என்பார். வந்தவர்கள் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஈரக் காற்று தொடங்கியதும் வெல்லம் வேர்த்தது. இடுக்கு இடுக்காகப் பழுப்புக் கோடு கிளம்பியது. அந்தக் கோட்டோடு எறும்பு சாரி சாரியாகப் போயிற்று. எச்சில் இலையைத் தலைக்கு மேல் ஒட்டி வைத்தது மாதிரி இருந்தது. சுரண்டி எடுக்கச் சொல்லி அக்கா கெஞ்சினாள். அவர் கறையின் மேல் மறுபடியும் சுண்ணாம்பைப் பூசினார்.

அப்படிப் பூசிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் வேளாங்கண்ணியும் அவள் அம்மாவும் கவுனைப் போட்டுப் பார்க்க வந்தார்கள். அக்கா மாமாவை வெளியே போகச் சொல்லிவிட்டு, மேஜை மேல் கவுனை விரித்தாள். அதன் மார்பில் அவள் வைத்திருந்த பூவேலையைப் பார்த்து அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அப்போது மேலிருந்து ஒரு பழுப்புச் சொட்டு அந்தப் பூவின் மேலேயே விழுந்தது.

"வெல்லந்தான். தண்ணியில ஒத்தி எடுத்தா வந்துடும்" என்று அக்கா நிதானமாகச் சொன்னாள். வந்துவிட்டிருக்கும். ஆனால் வேளாங்கண்ணி அலறிய சத்தம் கேட்டு மாமா உள்ளே ஓடி வந்தார். கையில் இருந்த சுண்ணாம்புக் கந்தலாலேயே அழுத்தித் தேய்த்தார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுப்பதற்குள் கவுன் முழுக்கச் சுண்ணாம்பு. கழுவிப் பார்த்தபோது பட்டின் பளபளப்பு செத்து, மஞ்சளித்து, தொட்ட இடம் நைந்து வந்தது.

"நீயே வச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் மகளை அழைத்துக்கொண்டு போனாள். வேளாங்கண்ணி தெரு முனைவரை அழுதுகொண்டே போனாள். சித்தி மகளின் கவுனை வாங்கிப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சமும் கூச்சமில்லாமல், தன் மேலதிகாரி கலியமூர்த்தியை மாமா வீட்டுக்குக் கூட்டி வந்தார். "கொஞ்சம் மேல பாருங்க" என்றார். அக்கா உள்ளே போய்க் கவுனைக் கொண்டு வந்து அந்த மனிதர் முன் விரித்தாள்.

"மேல பாத்தாச்சு இல்ல? இதையும் பாருங்க. ரெண்டும் அவரு கை வேலதான்."

மாமாவின் முகம் கறுத்தது. "பட்டுக்குச் சுண்ணாம்பு ஆவாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?" என்றாள் அக்கா.

மறுநாள் மெஷினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு மடத்துக்குத் திரும்பிப் போனாள். அவளுடைய பழைய இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டைக்கு ஓரம் தைக்கும் சிறு பெண்களோடு அக்காவை உட்கார வைத்தார்கள். கறை தெரிகிறபோதெல்லாம் மாமா இன்னும் மேலே சுண்ணாம்பு பூசிக்கொண்டுதான் இருக்கிறார்.