ஸ்டெல்லா அக்கா எனக்கு விற்க மறுத்த முப்பத்தாறு அங்குலம்

போன செவ்வாய்க்கிழமை காலை மேசைக்கால் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்க மளிகைக்கடைக்காரர் சாலையைத் தாண்டி வந்து, "உங்களுக்குப் போன் வந்துச்சு. ரம்பக்கடை ஸ்டெல்லா விடியக்காலைல தவறிட்டாங்களாம்" என்றார். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஸ்டெல்லா?" என்று கேட்டேன். கோல சிலாங்கூரில் ரம்பக்கடை ஸ்டெல்லா ஒருவர்தான். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

இந்த வட்டாரத்தில் சங்கிலி ரம்பம் வைத்திருந்த எவரும் அவரிடம் ஒரு முறையாவது திட்டு வாங்கியிருப்பார்கள். கடை ஒரு சீன முதலாளியுடையது, தவுக்கே என்போம். ஆனால் முகப்பு மேசைக்குப் பின்னால் நின்றவர் ஸ்டெல்லா அக்காதான். கழுத்தில் ஜெபமாலை, காதில் பென்சில், கையில் எப்போதும் எண்ணெய்க்கறை. நான் பிறந்த அதே ரப்பர்த் தோட்டத்தில், எங்கள் வரிசை வீட்டுக்கு இரண்டு லயம் தள்ளிப் பிறந்தவர். தன் அப்பாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், கல்யாணமாகி டவுனுக்கு வந்து இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டதில்லை. கேட்டால் ஒருவர் மரியாதையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் நீளத்தைச் சொல்லித்தான் சங்கிலி கேட்பார்கள். "இருபது அங்குலம் ஒன்னு கொடுங்க" என்பார்கள். அக்கா எழுந்திருக்கக்கூட மாட்டார். "எதை அறுக்கப் போறீங்க?" என்பார். பால்மரமா, பலாவா, பச்சையா, காய்ந்ததா, குறுக்கே வெட்டவா, நெட்டுவாக்கில் பலகை போடவா என்று கேள்வி நீளும். பிறகு பழைய சங்கிலியை வாங்கி, பாரின் பள்ளத்தில் ஓடும் அடிப்பற்களை ஒவ்வொன்றாக எண்ணுவார். பார் என்பது சங்கிலி சுற்றி ஓடுகிற அந்த நீண்ட இரும்புத் தட்டு. அதன் பள்ளமும் சங்கிலியும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் எத்தனை அவசரமென்றாலும் விற்கமாட்டார். "அறுந்து மூஞ்சில அடிச்சா உங்க சம்சாரத்துக்கு நானா பதில் சொல்றது?" என்பார்.

எங்கள் தோட்டத்தில் பால்மரங்களை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போட முடிவான வருடம், முனியாண்டி கோயிலையும் ரோட்டோரம் மாற்றச் சொன்னார்கள். கோயிலோடு ஒட்டி நின்ற பலாமரத்தை வெட்டியாக வேண்டும். எங்கள் அப்பா காலத்துக்கும் முந்திய மரம் அது. புதுக் கோயிலுக்கு அந்த மரத்திலேயே கதவு செய்வது என்று கோயில் கமிட்டி சொன்னபோது, நான் எழுந்து நின்று, "அந்தக் கதவு என் பொறுப்பு" என்றேன். லயத்து ஜனங்கள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துபோகிற சமயம். கதவைப் பார்க்கவாவது வருடத்துக்கு ஒரு முறை வருவோம் என்று பேசிக்கொண்டார்கள். அடிமரம் ஒன்றுதான், அதில் ஆறு பலகை தேறும், கதவுக்கு ஐந்து வேண்டும். தப்பினால் வேறு மரம் கிடையாது.

பார் வாங்க அக்காவிடம் போனேன். வெட்டுமரக் கண்ட்ராக்டர்கள் வைத்திருப்பது போல முப்பத்தாறு அங்குலம் கேட்டேன்.

"மரம் எவ்ளோ அகலம்?"

"ரெண்டரை அடி இருக்கும்."

"அளந்தீங்களா?"

"கண்ணால பாத்தாலே தெரியும்லா."

"தச்சு வேலை பாக்குற ஆளு பேசுற பேச்சா இது? அவ்ளோ நீள பாரை உங்க மெஷினு இழுக்காதுண்ணே. கட்டையில மாட்டி மூச்சு வாங்கும். சங்கிலியும் இது ஆகாது. இது குறுக்க வெட்டுறதுக்கு."

தவுக்கேயும் இரண்டு வாடிக்கையாளர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "விக்கிறதுக்குத்தானே கடை?" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். அப்படியே பஸ் ஏறி சுங்கை பெசாருக்குப் போய், கேட்ட நீளத்தில் பாரும் சங்கிலியும் வாங்கினேன். அந்தக் கடைக்காரர் மேல் குற்றமில்லை. நான் கேட்டதைக் கொடுத்தார்.

மரம் சாய்ந்தது. பூசாரி சூடம் காட்டினார், சனம் சுற்றி நின்றது. பலகை ஒரே கனத்தில் வருவதற்கான அளவுச்சட்டத்தைப் பாரில் மாட்டி நெட்டுவாக்கில் முதல் பலகையை இழுத்தேன். இரண்டடி போவதற்குள் புகை. மரத்தூள் சீவலாக வராமல் கோதுமை மாவாகக் கொட்டியது. விட்டால் அவமானம் என்று அழுத்தினேன். வெளியே வந்த பலகை ஒரு முனையில் மூன்று அங்குலம், மறு முனையில் ஒன்றரை, நடுவில் அலை அலையாக இருந்தது. என் அப்பா பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு லயத்துக்குள் போய்விட்டார். மீதியிருந்தது ஐந்து பலகைக்கான மரம். இனி ஒன்றுகூடக் கெடக்கூடாது. அப்போதுதான் டேப்பை எடுத்து அளந்தேன். அகலம் இருபது அங்குலம்.

மறுநாள் வாலைச் சுருட்டிக்கொண்டு அக்காவின் கடை வாசலில் நின்றேன். என்னவெல்லாம் சொல்லிக் காட்டுவாரோ என்று பயந்துகொண்டே போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "எத்தனை பலகை போச்சு?" என்றார்.

"ஒன்னு."

"அப்ப அஞ்சு இருக்கு. உக்காருங்க."

இவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். மரத்தின் அகலத்தைக் கேட்டுக்கொண்டு, சட்டத்துக்கு மூன்று அங்குலம் போனாலும் போதும் என்று இருபத்தைந்து அங்குலப் பாரை எடுத்தார். ஒரு புதுச் சங்கிலியைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, உருட்டு அரத்தால் பற்களைத் தீட்ட ஆரம்பித்தார். குறுக்கே வெட்டும் பல் சரிவாக இருக்கும், நெட்டுவாக்கில் பலகை போட அந்தச் சரிவைக் குறைத்து, ஏறக்குறைய நேராக்க வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போட்டார். "ஒரு பல்லு ஒசந்தா அது மட்டும்தான் வேலை செய்யும், மத்ததெல்லாம் வேடிக்கை பாக்கும். நம்ம கமிட்டி மாதிரி" என்றார். நான் சிரித்தேன். முந்தைய நாளிலிருந்து அப்போதுதான் சிரித்தேன்.

பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது கேட்டார்: "கோயில் மணி தொங்குச்சே, அந்த ஆணியை எடுத்தாச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பால்மரமென்றால் பால் பிடிக்கும் மங்கைக் கட்டிய கம்பி உள்ளே இருக்குமென்று எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தேடாமல் ரம்பம் வைக்கமாட்டோம். ஆனால் அது சாமி மரம். சாமி மரத்தில் இரும்பு இருக்குமென்று யாருக்கும் தோன்றவில்லை. பட்டை மூடி வளர்ந்து அடையாளமே இல்லை.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"அடிச்சது எங்கப்பாதானே. லயத்துல அவருதான் ஒசரம். ஏணி இல்லன்னு பூசாரி வந்து கூப்பிட்டாரு. வேதக்காரன் சாமி மரத்துல ஆணி அடிக்கலாமான்னு எங்கம்மா ரெண்டு நாளு சோறு போடல."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் சேலையோடே பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வந்தார். கிடந்த மரத்தின் அடியிலிருந்து சாண் சாணாக அளந்து, ஓரிடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். உளி வைத்துத் தோண்டினேன். கைவிரல் தடிமனில் ஆணியின் தலை தெரிந்தது. முக்கால்வாசி வந்தது, நுனி உள்ளேயே ஒடிந்துவிட்டது. "அந்தப் பலகைக்குப் புதுசைப் போடாதீங்க. இந்தாங்க" என்று கைப்பையிலிருந்து ஒரு பழைய சங்கிலியை எடுத்தார். அதையும் நெட்டுவாக்குக்குத் தீட்டிக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பலகையில் மூன்று பல் தெறித்தது. பலகை பிழைத்தது. மற்ற நான்கும் புதுச் சங்கிலியில் மஞ்சள் மாறாமல், கண்ணாடிபோல வந்தன.

ஒரு வருடம் காயவைத்துக் கதவு செய்தேன். இரும்பு பட்ட இடத்தில் பலா கறுத்திருந்தது. மாவு வைத்து மறைக்கவா என்று அக்காவிடம் கேட்டபோது, "இருக்கட்டும்ணே, எங்கப்பா கைபட்ட எடம்" என்றார். கும்பாபிஷேகத்தன்று வாசலுக்கு வெளியே நின்று அந்தக் கறுப்பை ஒரு முறை தொட்டுவிட்டு, சாப்பாட்டுப் பந்திக்கு முதல் ஆளாய்ப் போனார்.

பல் தெறித்த அந்தச் சங்கிலி என் பட்டறையில் தொங்குகிறது. அகலமான மேசை வேண்டுமென்று யார் வந்தாலும், அளப்பதற்கு முன்னால், எதற்கு என்று கேட்கிறேன். அந்தக் கேள்வியும் அவருடையதுதான்.

கல்லறைக்குக் கல் வைக்கும்வரை ஒரு மரச்சிலுவை வேண்டுமென்று அவர் மகள் கேட்டாள். அன்று நான் கெடுத்த முதல் பலகை பட்டறைப் பரணில் இத்தனை வருடமும் கிடந்தது. வெட்கத்தில் வெளியே எடுத்ததே இல்லை. அதை இறக்கினேன். பெயரையும் பிறந்த வருடத்தையும் மகள் எழுதிக் கொடுத்தாள். என்னைவிட நான்கு வயது இளையவர். எழுத்துகளைச் செதுக்கும்போதும் மனசுக்குள் அக்கா என்றுதான் வந்தது.

அடக்கத்தன்று மகள் சிலுவையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அலை அலையாய், ரம்பம் போன தடம் அப்படியே இருந்தது.

"அங்கிள், பின்னால இழைக்க மறந்துட்டீங்களா?"

"இல்லம்மா" என்றேன். "அது உங்கம்மா பேச்சை நான் கேக்காத பக்கம்."