பத்தாயிரம் வாலாவும் ஒரு பெனால்டியும்

பொன்மணிக்கு கோல்கீப்பர் வேலை கிடைத்தது கல்லூரி கேன்டீனில். யாரோ ஒருத்தியின் டிபன் பாக்ஸ் மேசை விளிம்பிலிருந்து நழுவியது. இரண்டு மேசை தள்ளி எலுமிச்சைச் சாதம் தின்றுகொண்டிருந்த பொன்மணி, தின்பதை விட்டுவிட்டுப் பாய்ந்து, தரைக்கு ஒரு சாண் இருக்கும்போதே அதைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உள்ளே இருந்தது வெறும் தயிர்சாதம். ஆனால் வீட்டுக்கு வீடு பட்டாசு வேலைக்குப் போகும் விஸ்வநத்தத்தில் பிறந்தவர்களுக்கு எந்தப் பெட்டியும் கீழே விழக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டீக்கு வரிசையில் நின்ற பி.டி. மேடம் கற்பகவல்லி இதைப் பார்த்துவிட்டார்.

“ஏ பிள்ள, உம்பேரு என்ன?”

“பொன்மணி மேடம். பி.காம் ரெண்டாம் வருசம். அது என் பாக்ஸ் இல்ல மேடம்.”

“பாக்ஸ் கெடக்கட்டும். சாயங்காலம் கிரவுண்டுக்கு வா.”

எதற்குத் தண்டனை என்று தெரியாமலே அவள் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். மேடம் அதைப் படிக்காமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, ஓரம் கிழிந்த இரண்டு கையுறைகளை அவளிடம் கொடுத்தார். அன்று முதல் அவள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர்.

பிடிப்பதில் குறை சொல்ல முடியாது. பிடித்த பிறகுதான் வம்பு. பந்தை உதைக்க மாட்டாள், எறியவும் மாட்டாள். நாலு எட்டு நடந்து போய், குனிந்து, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல் தரையில் வைப்பாள். அதற்குள் எதிரணி வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்.

“ஏ பொன்மணி, அது பந்துடி, புஸ்வாணம் இல்ல. தூக்கி எறி!” என்று கேப்டன் பிரீத்திகா கத்துவாள்.

“எறிஞ்சா யாரு மேலயாச்சும் பட்டுட்டா?”

“படட்டும். அதுக்குத்தான நாங்க பத்துப் பேரு நிக்கிறோம்!”

பிரீத்திகாவின் அப்பா ஜெயச்சந்திரன் பட்டாசுக் கம்பெனி முதலாளி. அந்தக் கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்துகிறவர்களில் ஒருத்தி பொன்மணியின் அம்மா சோலையம்மாள். இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பதில் இரண்டு பேருமே கெட்டிக்காரிகள். ஒருத்தி காரில் வருவாள், இன்னொருத்தி வெம்பக்கோட்டை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாள். கிரவுண்டுக்குள் நுழைந்தால் இரண்டு பேர் காலிலும் ஒரே செம்மண்தான்.

ஆடி மாதம் போட்டிகள் தொடங்கின. முதல் ஆட்டம் ராஜபாளையத்தில். மூன்று கோல் வாங்கினார்கள், ஒன்றும் கொடுக்கவில்லை. திரும்பி வரும் வேனில் யாரும் பேசவில்லை. பரோட்டாக் கடையைப் பார்த்ததும்தான் எல்லாருக்கும் வாய் திறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்றுக்கு ஒன்று. சாத்தூரில் மழைச் சேற்றுக்குள் ஜெயித்தார்கள். அன்று பொன்மணி பதினோரு பந்து பிடித்தாள். பன்னிரண்டாவதாக வந்ததை, வாழ்க்கையில் முதல் தடவையாக, உதைத்தாள். அது நடுக்கோட்டைத் தாண்டிப் போனதைப் பார்த்து அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும், ஜெயித்த சூட்டோடு கேட்டால் கிடைக்கும் என்று நினைத்து அம்மாவிடம் கேட்டாள்.

“அம்மா, கடைசி மேச்சு நம்ம கிரவுண்டுலதான். யுனிவர்சிட்டிக்கு ஆள் எடுக்கிறவுகளும் வாராக. லிஸ்டுல எம்பேரு வந்துட்டா அடுத்த வருசமும் ஆடலாமா?”

சோலையம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “வந்தா ஆடு. வரலன்னா, தீவாளி சீசனுக்குச் சனி ஞாயிறு ஏங்கூடக் கம்பெனிக்கு வந்துரு. இப்பவே ஆர்டர் மலையாக் குமிஞ்சு கெடக்கு. ஒங்கப்பா லோடு ஏத்திட்டு வடக்க போனா வாரதுக்குப் பத்து நாளாகுது. நானும் எம்புட்டுத்தான் தனியாப் பாக்க?”

“சரிம்மா.”

“பேரு வரணும். கையக் கட்டிட்டு நிக்காம ஒழுங்கா ஆடு.”

கடைசி ஆட்டம் அருப்புக்கோட்டை அணியோடு. சோலையம்மாள் முதல் தடவையாக மகள் ஆடுவதைப் பார்க்க, அரை நாள் லீவு போட்டுவிட்டு, கம்பெனிக்கு உடுத்தும் பழைய பருத்திச் சேலையிலேயே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். ஜெயச்சந்திரனும் வந்திருந்தார், கையில் ஒரு பத்தாயிரம் வாலாச் சரவெடியோடு. யுனிவர்சிட்டிக்கு ஆள் எடுக்கிறவர்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்கு அடியில் இன்னொரு கட்டும் இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு பிரீத்திகா ஒரு கோல் போட்டாள். அவள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரோரம் வாலாவை விரித்துப் போட்டுவிட்டு ஊதுபத்தியைப் பற்றவைத்தார். ஆடிக் காற்று அணைத்தது. மறுபடியும் பற்றவைத்தார். மறுபடியும் அணைந்தது. ஊர் ஊராகக் கோடிக் கணக்கில் வெடி விற்றவருக்கு ஒன்றுக்குத் தீ வைக்கத் தெரியவில்லை. மைதானத்தில் ஆட்டம் மறுபடி தொடங்கியது. அருப்புக்கோட்டை ஃபார்வர்டு முத்துச்செல்வி இரண்டு பேரை ஏமாற்றிவிட்டுத் தன்னந்தனியாகப் பந்தோடு பொன்மணியை நோக்கி வந்தாள். பொன்மணி கைகளை விரித்து முன்னே வந்தாள். அந்த நேரம் பார்த்துத் திரி பிடித்துக்கொண்டது.

படபடவென்று பின்னால் வெடித்ததும் பொன்மணிக்குப் பந்து தெரியவில்லை, கோல் தெரியவில்லை. பாய்ந்து முத்துச்செல்வியின் கையைப் பிடித்தாள். தரதரவென்று இழுத்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி, வெட்டவெளியைப் பார்த்து ஓடினாள். முத்துச்செல்வியின் ஒரு பூட்ஸ் பெனால்டி ஏரியாவிலேயே கிடந்தது.

அவள் மட்டுமா? அணியில் விஸ்வநத்தத்துப் பிள்ளைகள் இன்னும் நாலு பேர். நாலும் பக்கத்தில் நின்றவளின் கையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு அதே பக்கம் பறந்தன. பிரீத்திகா மட்டும் நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிப் பார்த்துவிட்டு, தட்டுவதை நிறுத்தினாள்.

மரத்தடியிலிருந்து சோலையம்மாளும் ஓடினாள். ஆனால் அவள் ஓடியது சத்தத்தைப் பார்த்து, மகள் நின்ற கம்பத்தைப் பார்த்து. பாதி வழியில் மகள் முத்துச்செல்வியோடு எதிரே வர, இருவரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக் கீழே உட்காரவைத்தாள். புகை கலைந்தது. பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ரெஃப்ரி ஊதினார். பெனால்டி. சிவப்பா மஞ்சளா என்று இரண்டு அட்டையையும் எடுத்துப் பார்த்தார். ஒற்றைப் பூட்ஸோடு நொண்டிக்கொண்டு வந்த முத்துச்செல்விதான் குறுக்கே விழுந்தாள். “சார், இந்தப் பிள்ள என்னத் தள்ளிவிடல சார். காப்பாத்துறேன்னு இழுத்துட்டுப் போச்சு.” அவர் சிவப்பைப் பையில் போட்டுவிட்டு மஞ்சளைக் காட்டினார். சட்டப் புத்தகத்தில் இதற்கு இடமில்லைதான்.

சோலையம்மாள் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஒன்ன எவ ஓடச் சொன்னா?”

“நீதாம்மா. கம்பெனில பக்கத்து ரூம்பு வெடிச்சப்ப, சேல கருகி வந்து எனக்கும் தம்பிக்கும் சொன்னேல்ல. சத்தம் கேட்டா நிக்காத, கைக்கெட்டுன ஆள இழுத்துட்டு வெட்டவெளிக்கு ஓடுன்னு.”

சோலையம்மாள் தோளை விட்டாள். மகள் கம்பெனிக்குள் இன்னும் கால்கூட வைக்கவில்லை. எழுந்து நேராக ஜெயச்சந்திரனிடம் போனாள். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அணைந்த ஊதுபத்தியோடு நின்றிருந்தார்.

“மொதலாளி, சத்தம் கேட்டா ஓடணும்னு கம்பெனி வாசல்ல நீங்கதான போர்டு எழுதி மாட்டியிருக்கீக? இங்கன கேட்டா கைதட்டணும்னு எங்கன எழுதி மாட்டியிருக்கீக?”

சோலையம்மாள் பந்தலுக்கு அடியில் இருந்த இரண்டாவது கட்டை எடுத்துவந்து அவர் கண் முன்னாலேயே தண்ணீர் டிரம்முக்குள் முக்கினாள். சொந்தச் சரக்கு நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார் முதலாளி. பிரீத்திகா வந்து அப்பாவின் கையிலிருந்த ஊதுபத்தியை வாங்கித் தூர எறிந்தாள்.

பெனால்டியை முத்துச்செல்வியே அடித்தாள். பொன்மணி சரியான பக்கம்தான் பாய்ந்தாள். விரல் நுனியில் பந்து பட்டது. பட்டும் உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. ஜெயித்திருந்தால் மண்டலப் போட்டிக்குப் போயிருக்கலாம். அந்த வருடம் அதோடு முடிந்தது.

வியாழக்கிழமை மேடத்தின் போனில் லிஸ்ட் வந்தது. பிரீத்திகா பெயர் இருந்தது. பொன்மணி பெயர் இல்லை. பிரீத்திகா தன் பெயரை விட்டுவிட்டு மேலும் கீழுமாக இவள் பெயரை நாலு தடவை தேடினாள். “மடப்பயலுவ. சாத்தூர்ல பதினோரு பந்து பிடிச்சத எவனும் பாக்கலயா?” என்றாள். பொன்மணி அழவில்லை. கையுறைகளை மேடத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் கேட்கும் முன்பே சொல்லிவிட்டாள். “வரலம்மா. சனிக்கிழம நானும் வாரேன்.”

சோலையம்மாள் சோறு போட்டாள். இவள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் போன் அடித்தது. கம்பெனி போர்மேன் தங்கப்பாண்டியன். உரக்கப் பேசுகிறவர், ஸ்பீக்கர் தேவையில்லை.

“யக்கா, மொதலாளியே சொல்லிட்டாக. ஒம்மகளுக்கு மருந்துப் பக்கமே வேல கெடையாது. பெட்டிக்கு லேபிள் ஒட்டுற எடத்துல, ஃபேனுக்கு அடியில உக்கார வைக்கச் சொன்னாக. சனிக்கிழம கூட்டியாந்துரு.”

“அவ வரமாட்டா தம்பி.”

“ஏன்?”

“பிராக்டீஸ் இருக்கு.”

“என்ன பிராக்டீஸு?”

“பந்து பிடிக்கிறது.”

“அதுல என்னக்கா கெடைக்கும்?”

“பந்துதான்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். பொன்மணி ஈரக் கையோடு அப்படியே நின்றிருந்தாள்.

“லிஸ்டுலதான் பேரு வரலயேம்மா?”

“அத நான் கேட்டனா? உள்ள வராமலே இந்த ஓட்டம் ஓடுறவ, உள்ள வந்தா என்ன ஆவ?” சோலையம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “கையுறை எங்க?”

“மேடத்துக்கிட்டக் குடுத்துட்டேன்.”

“கூறுகெட்ட கழுத. காலையில மொத பஸ்ஸுல போயி வாங்கிட்டு வா.”