கோஜென்ட் காரணங்களும் ஒரு பிரம்பு நாற்காலியும்

மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த பஞ்சாபகேசன், ‘கோஜென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை மகா சிக்கனமாகக் கையாண்டவர். காரணம் தெளிவாக இருக்க வேண்டும். படித்தவன் மறுக்க வழியில்லாமல் தலையாட்ட வேண்டும். அதற்கு மட்டும்தான் அந்தச் சொல். மாற்றல் கேட்டு வரும் மனுக்களில் மாமியாருக்கு மூட்டுவலி, திருமங்கலம் பஸ்ஸில் கூட்டம் என்றெல்லாம் இருக்கும். ‘காரணங்கள் கோஜென்ட் அல்ல’ என்று குறிப்பு எழுதிவிடுவார். ஓர் அதிகாரி நற்சான்றில் அவரையே ‘கோஜென்ட் ஆசாமி’ என்று பாராட்டியபோது, வாதம்தான் அப்படி ஆகலாம், ஆசாமி ஆக முடியாது என்று திருப்பி அனுப்பினார். பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. சொல் பிழைத்தது.

1978 ஆடி மாதத்தில் ஒரு காலை, அவர் மேசைமேல் ஒரு மனு கிடந்தது. எழுதியவர் பிச்சுமணி. பஞ்சாபகேசனுக்கு முன் அதே நாற்காலியில் இருந்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன், அதில் உட்கார்ந்தபடியே, ஒரு வாக்கியத்தின் நடுவில் இறந்துபோனவர். கையெழுத்து அவருடையதேதான். அன்றைய தேதியில் உள்வரவு முத்திரையும் விழுந்திருந்தது. முத்திரைப் பெட்டியை இன்னும் திறக்கவே இல்லை என்றார் பியூன் நல்லகாமன்.

மனு சுருக்கமானது. பொறுப்பை ஒப்படைத்துக் கையெழுத்திடாதவர் நாற்காலியை விட்டவர் ஆகார். தாம் கையெழுத்திடவில்லை. ஆகவே நாற்காலி இன்னும் தம்முடையது. காலி செய்து தரவும்.

பஞ்சாபகேசன் அதை இரண்டு தரம் படித்தார். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது. அந்த நாற்காலியைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு மரியாதை கிடையாது.

“கிழிச்சுப் போட்டுருங்க சாமி. செத்த ஆளு எழுதுனதுக்கெல்லாமா குறிப்பு வைப்பாக?” என்றார் நல்லகாமன்.

“செத்துட்டார்ங்கறது ஆளைப் பத்தின விஷயம், நல்லகாமா. நான் காரணத்தைன்னா பார்க்கணும்?”

“காரணம் எம்புட்டு நல்லா இருந்து என்ன, ஆளு இல்லையே?”

“ஆள் இல்லாமலே இவ்வளவு சுத்தமா வாதம் பண்ணியிருக்கார். அதான் உதைக்கறது.”

மூன்று நாள் பதிவறையில் தேடினார். ஒப்படைப்புப் படிவம் அகப்படவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இறந்தவருடைய பதவி காலியாகும் என்று இருந்தது; நாற்காலியைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த வேளையில், ‘அல்ல’ என்று எழுதிவிடலாமென்று பேனாவை எடுத்தார். மை இறங்கவில்லை. மனமும் இறங்கவில்லை. ‘காரணங்கள் கோஜென்ட்’ என்று எழுதி ஒப்பமிட்டு எழுந்தார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அதுவே முதல் தடவை.

நாற்காலியின் பிரம்புப் பின்னல் மெல்லக் கிறீச்சிட்டு, ஓர் ஆளின் கனத்துக்குத் தாழ்ந்தது.

நல்லகாமன் திரும்பி வந்தபோது, பஞ்சாபகேசன் மேசைக்கு எதிரே, மனுதாரர்கள் நிற்கும் இடத்தில் கைகட்டி நின்றிருந்தார். தமக்கு வேறொரு நாற்காலி கேட்டு அவசரமாக எழுதிய மனு மேசைமேல் இருந்தது. காற்றே இல்லை, அதன் பக்கம் ஒன்று புரண்டது.

“என்ன சாமி, நின்னுக்கிட்டு இருக்கீக?”

“மெதுவாப் பேசு,” என்றார் பஞ்சாபகேசன். “படிச்சிண்டிருக்கார்.”