பதவிக்கு ஆசைப்படாதவன்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் உருக்காலையில் சங்கத் தலைவர் பதவி காலியானது. அறிவாளிதான் ஆள வேண்டும், அதுவும் பதவிக்கு ஆசைப்படாத அறிவாளி என்று கிரேக்க ஞானிகள் சொன்னதை கேன்டீனில் அடிக்கடி பேசியவன் நான். என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கிரேன் ஓட்டுபவனைத் தேர்ந்தெடுத்தார்கள். புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவன்.

"நீதானப்பா சொன்ன, ஆசப்படாதவன்தான் ஆளணும்னு. அவன்தான் வேணாம்னு ஓடிக்கினு இருக்கான்" என்றார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் கேன்டீனில் அவனே என்னிடம் வந்தான்.

"இன்னாத்துக்குண்ணா எனக்கு இந்த பேஜாரு? நீயே இருந்துக்கோ."

அவன் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.