ஓடிக்கொண்டிருந்த ஆற்றுக்கு ஒப்பாரி

நுரிஹான் அத்தைக்கு வேலை பேக்கரியில் ரொட்டி சுடுவது. ஊரில் யாராவது செத்தால் மட்டும் மாவுக் கையைக் கழுவிவிட்டு ஒப்பாரி பாடப் போவாள். செத்தவன் நல்லவனா கெட்டவனா என்று பார்க்கமாட்டாள். எங்கள் கணக்கு வாத்தியார் செத்ததற்கு என்னையே அழவைத்தவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெற்கு அல்பேனியாவில் ஒப்பாரி தனி ஆள் சமாச்சாரம் இல்லை. ஒருத்தி பாட, சுற்றி நிற்பவர்கள் ‘ஏ’ என்று ஒரே சுருதியில் இழுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டால் சத்தம் அறாது. அது காதில் விழுகிறவரை யாரும் வேலை செய்யக்கூடாது. அப்படி ஒரு வழக்கம்.

கரண்டு எடுக்க எங்கள் ஆற்றைக் குழாய்க்குள் விடப் போவதாகக் கம்பெனி வந்தது. ஊரார் மனு எழுதினார்கள். நான் கம்பெனி ஜீப்பின் டயரில் காற்றைப் பிடுங்கினேன். அவர்களிடம் பம்ப் இருந்தது.

“நீ ஒரு ஒப்பாரி பாடினா மெஷின் நிக்கும் நுரிஹான்” என்று என் கூட்டாளி எர்மாலின் அம்மா கெஞ்சினாள்.

“உயிரோட இருக்கறதுக்கு எவளாவது ஒப்பாரி வைப்பாளாடி? நானே கொன்ன மாதிரி ஆயிடும். வேற எது வேணா கேளு.”

செவ்வாய்க்கிழமை காலை பொக்லைன் கரையைக் கடித்தது. அத்தை மாவுக் கையோடே ஓடிவந்தாள். ஒரு நிமிடம் ஓடுகிற தண்ணீரையே பார்த்தாள். பிறகு கல்லில் உட்கார்ந்து தொடங்கிவிட்டாள். நாங்கள் இழுத்தோம்.

டிரைவர் பார்தில் பக்கத்து ஊர்க்காரன். எஞ்சினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

“ஏன்யா நிறுத்தின?” என்றார் மேஸ்திரி.

“ஒப்பாரி சார்.”

“யாரு செத்தது?”

“ஆறு.”

“ஓடிக்கிட்டுதானேய்யா இருக்கு!”

“அதை அவங்ககிட்டச் சொல்லுங்க. எங்க அப்பாவுக்குப் பாடினவங்க.”

நகரத்தில் ஊரார் வைத்த வக்கீல் கோர்ட்டில் தடை உத்தரவுக்காகக் காத்திருந்தார். இன்றைக்கு வரலாம், நாளைக்கு ஆகலாம் என்றார். அதுவரை அத்தை நிறுத்தக்கூடாது.

மீன்களுக்குப் பாடினாள். நீர்நாய்க்குப் பாடினாள். கம்பளி அலசிய பெண்களைப் பேர் சொல்லிப் பாடினாள். நான் எர்மாலைத் தள்ளிவிட்ட பாறையைக்கூட விடவில்லை. தொண்டை காய்ந்தபோது அந்த ஆற்றுத் தண்ணீரையே கொடுத்தோம். நான்கு மணிக்குக் குரல் போய்விட்டது. வாய் மட்டும் அசைந்தது, காற்றுதான் வந்தது. என் கையைப் பிடித்து நசுக்கினாள். இழுப்பதை விடாதே என்று அர்த்தம். விடவில்லை.

“அத்தை, முடிஞ்சுதா?” என்று பார்தில் மெதுவாகக் கேட்டான்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“இல்லையாம் சார்.”

மேஸ்திரி போனை எடுத்தார். வடக்கேயிருந்து வேறு டிரைவர் வேண்டும், இந்த ஊர்ப்பக்கத்து ஆளே வேண்டாம் என்று கத்தினார். வந்துசேர இரண்டு மணி நேரமாம்.

எர்மாலின் அம்மா இழுத்துக்கொண்டே வக்கீலுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். நான் மூச்சு வாங்கிவிட்டு அவளுக்கும் சேர்த்து இழுத்தேன்.