பளீலின் தொட்டியை நான் கழுவிய கதை

சமீபத்தில் நான் கோடிக்கணக்கான உயிர்களைக் கொன்றேன். ஆயுதம் — பிளீச்சிங் பவுடர். பொலிசைக் கூப்பிடாதீர்கள்... முழுவதையும் கேளுங்கள்.

அக்குறணைப் பக்கம் என் நண்பன் பளீல் கோழி இறைச்சி ஆலை வைத்திருக்கிறான். தீபாவளிக்கு முந்திய நாள் கோழி வாங்கப் போனேன். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"சுற்றாடல் ஆபிசர் திங்கக்கிழமை வாராரு மச்சான். கழிவுத் தண்ணி சரியில்லாட்டி லைசன் இல்ல. கேட்டை மூட வேண்டியதுதான்."

பின்பக்கம் போனேன். இரண்டு கழிவுநீர்த் தொட்டிகளிலும் காப்பி நிறத்தில் சேறு! அவற்றைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் பண்டிகைக்குச் சொந்த ஊரான தெல்தெனியவுக்குப் போயிருந்தார். விருந்தாளி வந்தால் வீட்டைக் கழுவுகிறோமே, தொட்டியைக் கழுவ வேண்டாமா? இப்படிக் கேட்ட மேதை, கதை எழுதிப் பிழைக்கும் அடியேன்தான்.

பவுசர் வண்டி வைத்துச் சேற்றை உறிஞ்சினோம். பவுடர் போட்டுத் தேய்த்தோம். தொட்டி பளபளத்தது. பளீல் என்னைக் கட்டிக்கொண்டான்.

திங்கட்கிழமை பாராட்டு வாங்க நானும் போனேன். ஊரிலிருந்து திரும்பிய செல்வம் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஐயோ... எல்லாரையும் கொன்னுட்டீங்களே!"

யாரை?

"பாக்டீரியாவைங்க! ரத்தத் தண்ணியில அமோனியா ஜாஸ்தி. காத்து அடிக்கிற டேங்குல ஒரு கூட்டம் அதை நைட்ரேட்டா மாத்தும். காத்தில்லாத டேங்குல இன்னொரு கூட்டம் அதை நைட்ரஜனாக்கி வானத்துக்கு அனுப்பிடும். அந்தச் சேறுதாங்க அவங்க வீடு!"

ஆபிசர் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார். "இவ்வளவு சுத்தமான டேங்க் நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார். நான் இளித்தேன். பளீல் என் காலை மிதித்தான். சோதித்த தண்ணீர் தேறவில்லை. ஆறு வாரம் தவணை தந்தார். அதற்குள் தண்ணீர் தேறாவிட்டால் ஆலைக்குப் பூட்டு.

வெட்கமாக இருந்தது. அறுபது வயதில் நண்பனின் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டேனே!

செல்வம் வேறோர் ஆலையில் கெஞ்சிப் பழைய சேறு கொண்டுவந்தார், பாலுக்கு உறைமோர் கடன் கேட்பதுபோல. குழாயைப் பிடித்தவன் நான். "மெதுவாங்க... உசிரு இருக்கு!" என்றார் செல்வம்.

தினமும் செல்வத்துக்கு போன் எடுத்தேன். "எப்படி இருக்காங்க? சாப்பிடுறாங்களா?" என் மனைவி சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

போன வாரம் ரிசல்ட் வந்தது. அமோனியா இறங்கிவிட்டது, லைசன் கிடைத்துவிட்டது! ஓடிப்போனேன். தொட்டி வேலியில் செல்வம் எழுதிய புதுப் பலகை தொங்கியது:

"உள்ளே வேலை நடக்கிறது. எழுத்தாளர்கள் தள்ளி நிற்கவும்."