அண்ணி மேல் விழுந்த பழி

தந்தியைப் பிரித்ததும் அண்ணனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். வயிற்றை அறுத்துப் பிழைத்தவர் அவர். ஆனால் காய்ச்சலில் போனது அண்ணி. அரியலூரில் அவரை அறிந்த உறவுகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேர் அவரை நம்பவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தப் பழி விழுந்தது யுத்த காலத்தில். சாப்பிட்டால் அண்ணனுக்கு வயிறு முறுக்கும், வாந்தி வரும், பிறகு தானே அடங்கும். பூலாம்பாடியிலிருந்து அண்ணி வாழ வந்த பிறகுதான் இது தொடங்கியது என்றாள் அம்மா. புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ளச் சோற்றில் வசிய மருந்து வைத்துவிட்டாள் என்று பேச்சு. கல்லங்குறிச்சிப் பக்கமிருந்து மருந்தெடுக்கும் ஒருத்தியை வரவழைத்தார்கள். அவள் வயிற்றை நீவி, வாயால் உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்பினாள். எல்லாரும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த உருண்டை முன்பே அடங்கியிருந்த இடம் அதுதானோ என்று நான் மருந்தெடுத்தவளின் கடைவாயைப் பார்த்தேன்.

மறுவாரம் வயிறு கல்லாக உப்பியது. காற்றுகூடப் பிரியவில்லை. அம்மா மறுபடியும் மருந்தெடுக்கச் சொன்னாள். அண்ணி யாரையும் கேட்காமல் வண்டி பூட்டச் சொல்லி, அண்ணனை ரயிலேற்றித் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். அறுத்து முடித்த டாக்டர் ஒரு கட்டியைக் காட்டினார். எலுமிச்சை அளவு, மஞ்சள் நிறம். குடலின் உட்சுவரில் வளர்ந்த வெறும் கொழுப்பு, கெட்ட கட்டி இல்லை, ஆனால் அது இழுத்த இழுப்பில் குடல் தனக்குள்ளேயே செருகிக்கொண்டு அடைத்துவிட்டது, வளர்ந்தவர்களுக்கு இப்படி வருவது வெகு அபூர்வம் என்றார்.

அம்மா உற்றுப் பார்த்தாள். "உருண்டையாத்தானே இருக்கு? வச்ச மருந்துதான் ஊறி இப்படி ஆயிருக்கு."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

வீடு திரும்பி அண்ணன் முதன்முதலாகச் சோற்றுக்கு உட்கார்ந்த அன்றும் நான் இருந்தேன். அண்ணி பரிமாறினார். அண்ணன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார், கை வரவில்லை. புருஷன் சாப்பிட்டெழுந்த இலையில் பெண்டாட்டி சாப்பிடும் வீடு எங்களுடையது. அண்ணி எதிரே உட்கார்ந்து, அந்த இலையிலேயே பிசைந்து நாலு வாய் சாப்பிட்டார்.

"நான் உசுரோடதான் இருக்கேன். இப்பச் சாப்புடுங்க" என்றார்.

அன்று முதல் தினமும் அப்படித்தான். அம்மா போன பிறகும் விடவில்லை. போதுமே அண்ணி என்று ஒருமுறை சொன்னேன். "உங்க அண்ணன் ஒரு நா வேணாம்னு சொல்லட்டும் தம்பி, விட்டுர்றேன்" என்றார். அண்ணன் சொல்லவேயில்லை.

இப்போது அண்ணியின் காரியம் முடிந்து இலை போட்டோம். அண்ணன் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிடச் சொன்னேன்.

"அவ இன்னும் சாப்புடலியேடா" என்றார்.

சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது பாசமா, இன்னும் தீராத சந்தேகமா, எனக்குத் தெரியவில்லை. 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லுக்காக அண்ணி கடைசிவரை காத்திருந்தார். அது வராத கோபத்தை மட்டும் அவர் சார்பில் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.